பேரனின் மந்திரச் சீட்டும் நம்முடைய கம்யூட்டேஷன் விதியும்

சீட்டு என்றால் நம் தலைமுறைக்கு ரம்மி, கழுதை, அதிகம் போனால் பிரிட்ஜ். சொல்தா வீட்டுப் பிள்ளைகளுக்கு பெலோத் தெரிந்திருக்கும். இவை எதிலும் சேராத ஒரு சீட்டாட்டத்தைப் பற்றி இன்று எழுதப்போகிறேன். ஆட்டம் எதற்கு என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள். பென்ஷன் விஷயமும் வருகிறது.

ஆட்டத்தின் பெயர் மேஜிக். ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற கணிதம் படித்த அமெரிக்கர் உருவாக்கியது, 1993இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே பிரெஞ்சு மொழியிலும் அச்சாகிவிட்டது. பிரான்சில் இருக்கும் என் மகளின் பையன் விடுமுறைக்கு இங்கே வரும்போதெல்லாம் ஒரு டப்பா நிறைய அந்தச் சீட்டுகளைக் கொண்டுவருகிறான். பதினான்கு வயது. தமிழ் நன்றாகப் பேசுவான், படிக்க வராது. ஆகவே எங்கள் வீட்டில் சீட்டு பிரெஞ்சில், சண்டை தமிழில். நான் பிரெஞ்சு வழியில் படித்ததற்கு எழுபது வயதுக்கு மேல் இப்படி ஓர் உபயோகம் வரும் என்று என் ஆசிரியர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் இருபது உயிர். கையில் தனித்தனிக் கட்டு, குறைந்தது அறுபது சீட்டு. சில சீட்டுகள் நிலம்; அதிலிருந்து சக்தி கிடைக்கும். அந்தச் சக்தியைச் செலவழித்து மிருகங்களையும் வீரர்களையும் களத்தில் இறக்கலாம், மந்திரம் போடலாம். எதிராளியின் இருபது உயிரையும் முடித்தால் ஜெயம். மந்திரத்துக்கு பிரெஞ்சுச் சீட்டில் 'சோர்' என்று போட்டிருக்கிறது. இந்தி தெரிந்தவர்கள் திருடன் என்று எண்ண வேண்டாம். பிரெஞ்சில் அந்த ஒரே சொல்லுக்கு மந்திரம் என்றும் பொருள், தலைவிதி என்றும் பொருள்.

ஆட்டத்தில் என்னைப் பிடித்து உட்கார வைத்தது படங்கள் அல்ல, விதிப்புத்தகம். இருநூறு பக்கத்துக்கு மேல். பிரிவு, உட்பிரிவு, அதற்கு எழுத்து. நம் எஃப்.ஆர்., எஸ்.ஆர். புத்தகத்துக்குத் தம்பி மாதிரி இருக்கிறது. முப்பத்தைந்து வருடம் கோப்புகளோடு குடும்பம் நடத்தியவனுக்கு அதைக் கண்டால் கை சும்மா இருக்குமா?

போன ஆகஸ்டில் ஒரு மத்தியானம். பேரனிடம் ஐந்து பலம் உள்ள ஒரு பெரிய மிருகம் இருந்தது. என் கையில் 'ரெத்தூர் ஓ பேயி' என்ற சீட்டு. 'சொந்த ஊருக்குத் திரும்புதல்' என்று பொருள். (அடுப்படியில் இருந்த என் மனைவி, "மத்தியான நேரத்துல என்ன பேயி கீயின்னுக்கிட்டு" என்று அதட்டியது தனிக்கதை.) அந்தச் சீட்டு இரண்டு காரியம் செய்யும். குறிவைத்த மிருகத்தை ஆட்டத்தை விட்டே வெளியேற்றும். அதைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவருக்கு மிருகத்தின் பலம் எவ்வளவோ அவ்வளவு உயிர் நஷ்டஈடாகக் கொடுக்கும். சண்டைக்குப் போன சொல்தாவைப் பென்ஷனோடு ஊருக்கு அனுப்புகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சீட்டைப் போட்டேன். இந்த ஆட்டத்தில் போட்டவுடன் மந்திரம் பலித்துவிடாது. எதிராளிக்குப் பதில் சொல்ல ஒரு வாய்ப்பு உண்டு. அவனும் ஒரு மந்திரம் போட்டால் அது என்னுடையதற்கு மேல் அடுக்கப்படும். மேலே இருப்பது முதலில் நடக்கும், கடைசியில் வந்தது முதலில் பைசல். பேரன் என்ன செய்தான் என்றால், தன் மிருகத்தைத் தானே பலிகொடுத்து இரண்டு சீட்டு எடுத்துக்கொள்ளும் ஒரு மந்திரத்தைப் பதிலாகப் போட்டான். மிருகம் போய்விட்டது. இரண்டு சீட்டு அவன் கைக்கு வந்தது. இப்போது அடுக்கில் மீதி இருப்பது என்னுடைய மந்திரம் மட்டும்.

"சரி, மிருகம் போச்சு. ஆனா உனக்கு அஞ்சு உயிர் வரணுமே, எடுத்துக்கோடா" என்றேன்.

"வராது தாத்தா. என் மிருகந்தான் இலக்கு. அது இல்லேன்னா முழு மந்திரமும் நடக்காது."

அவனுக்குச் சாதகமாக நான் சொன்னதை அவனே மறுத்தது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் நான் விடவில்லை. ஆணையில் இரண்டு வாக்கியம் இருக்கிறது. முதல் வாக்கியத்துக்கு ஆள் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவது வாக்கியத்தின் பயனாளி இதோ என் எதிரில் பனங்கிழங்கு தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறானே! அவனுக்கு ஏன் கொடுக்கக்கூடாது? பேரன் செல்போனில் விதியை எடுத்து நீட்டினான். எண் 608.2பி.

விதி சொல்வது இதுதான். குறிவைக்கும் மந்திரத்துக்கு இரண்டு முறை தணிக்கை உண்டு. போடும்போது ஒருமுறை, பலிக்கப்போகும் நேரத்தில் இன்னொரு முறை. இரண்டாவது தணிக்கையில், குறித்த இலக்குகள் எல்லாமே தகுதி இழந்திருந்தால் மந்திரத்தில் எழுதியிருக்கும் ஒரு வரி கூட நடக்காது. இலக்கோடு சம்பந்தமே இல்லாத வரியும் நடக்காது. இரண்டு இலக்கில் ஒன்று மட்டும் போயிருந்தால், இருக்கிற ஒன்றுக்கு உண்டானது நடக்கும். போனதற்கு எதுவும் ஆகாது. உதாரணமாக ஒரு மந்திரம் இரண்டு புள்ளி சேதத்தை இரண்டு பேருக்கு ஒவ்வொன்றாகப் பங்கிடுகிறது என்றால், ஒருவர் மறைந்துவிட்டதற்காக அவர் பங்கை மற்றவர் தலையில் சேர்த்துப் போட முடியாது. அது வீண்தான். செலவழித்த சக்தியும் திரும்பாது, சீட்டும் 'சிமெத்தியேர்' என்னும் கல்லறைக்குப் போய்விடும்.

தகுதி இழப்பது என்றால் சாவு மட்டும் இல்லை. மிருகம் உயிரோடு களத்திலேயே நிற்கும். ஆனால் இடையில் வேறொரு மந்திரத்தால் 'வெள்ளை நிறத்திலிருந்து பாதுகாப்பு' பெற்றுவிட்டால், என்னுடைய வெள்ளை மந்திரத்துக்கு அது இலக்கு ஆகாது. ஆள் இருக்கிறார், நம் அதிகாரம் அவர்மேல் செல்லாது. வேறு துறைக்கு மாற்றலாகிப் போனவருக்கு மெமோ கொடுக்கப் பார்த்த அதிகாரிகளை நான் கண்டிருக்கிறேன்.

குறிவைக்காத மந்திரங்களும் உண்டு. 'கோலேர் த தியே', கடவுளின் கோபம் என்று ஒரு சீட்டு. களத்தில் உள்ள எல்லா உயிரினங்களையும் அழி என்கிறது. யாரையும் பெயர் சொல்லிக் குறிப்பதில்லை. ஆகவே இடையில் யார் போனாலும் வந்தாலும் அது நிற்காது. அரசாணைக்கும் தனிநபர் ஆணைக்கும் உள்ள வித்தியாசம்தான்.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். 2018ஆம் ஆண்டுவரை இந்த விதியின் வாசகம் வேறாக இருந்ததாம். இலக்கு இல்லாத மந்திரம் 'விதிகளால் முறியடிக்கப்படுகிறது' என்று இருந்தது. ஒருவன் எதிர்மந்திரம் போட்டுத் தடுத்தால் அதற்கும் முறியடிப்பு என்றே பெயர். பிரெஞ்சில் 'கோந்த்ரகாரே' என்பார்கள். இரண்டுக்கும் ஒரே சொல் இருந்ததால் குழப்பம். 'இந்த மந்திரத்தை முறியடிக்க முடியாது' என்று ஒரு சீட்டில் அச்சடிக்க வேண்டுமானால், யாரால் முறியடிக்க முடியாது என்பதையும் சேர்த்து எழுத வேண்டியிருந்தது. 2018இல் வார்த்தையை மாற்றினார்கள். இப்போது 'மந்திரம் நடைபெறாது', அவ்வளவுதான். யாரும் தடுக்கவில்லை. நடக்கவில்லை.

ஒரு விளையாட்டுக் கம்பெனி இருபத்தைந்து வருடம் கழித்து ஒரு வினைச்சொல்லைத் திருத்தியதைப் படித்தபோது எனக்குப் பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு பிரெஞ்சுச் சொல் ஞாபகம் வந்தது. 'கதுய்க்'. இயற்கை அறிவியல் பாடத்தில், பருவம் வந்தால் இலை உதிர்க்கும் மரங்களைச் சொல்லும்போது அந்த இலைகளை 'ஃபேய் கதுய்க்' என்போம். பிற்பாடு அதே சொல்லை பிரெஞ்சுச் சட்டப் புத்தகத்திலும் பார்த்தேன். கோத் சிவில் 1039ஆம் பிரிவு: உயிலில் ஒருவருக்கு ஒன்றை எழுதி வைத்து, எழுதினவருக்கு முன்பே பெறுபவர் இறந்துவிட்டால் அந்த ஏற்பாடு கதுய்க். செல்லாது என்றோ, ரத்து செய்தது என்றோ அங்கே சொல்லவில்லை. அவற்றுக்கு வேறு சொற்கள் இருக்கின்றன. எழுதும்போது சரியாகத்தான் எழுதினார், யாரும் மாற்றவும் இல்லை; தாங்கிக்கொண்டிருந்த காம்பு விட்டுப்போனதால் உதிர்ந்துவிட்டது.

பறித்த இலைக்கும் உதிர்ந்த இலைக்கும் உள்ள இந்த வித்தியாசம் நம் அலுவலகத் தமிழில் இல்லை என்பது என் வெகுநாள் மனக்குறை. நிராகரிக்கப்பட்டது, தள்ளுபடி செய்யப்பட்டது, ரத்து செய்யப்பட்டது. எல்லாமே யாரோ பறித்தவை.

எண்பதுகளில் நான் யு.டி.சி.யாக இருந்த ஓர் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். அங்கே ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தவர் ஓய்வு பெற்று நாலு மாதம் ஆகியிருந்தது. நல்ல மனிதர். எனக்கு அண்ணன் முறை மாதிரி. இளைய பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். பென்ஷனில் மூன்றில் ஒரு பங்கைக் கம்யூட் செய்ய அன்றைக்கு இடம் உண்டு (நாற்பது சதவீதம் ஆனதெல்லாம் 1996இலிருந்து). ஒரு வியாழக்கிழமை பாரத்தைப் பூர்த்தி செய்து நேரில் கொண்டுவந்து டப்பால் பிரிவில் கொடுத்தார். வட்ட முத்திரை விழுந்தது. எனக்கும் மேசைக்கு வந்து ஒரு வணக்கம் வைத்துவிட்டு, "தம்பி, கொஞ்சம் சீக்கிரம் பாத்து அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். திங்கட்கிழமை காலையில் மாரடைப்பில் போய்விட்டார்.

அதன் பிறகு எனக்கு வீட்டில் ஒரு காரியம் வந்து பத்து நாள் விடுப்பில் இருந்தேன். அந்த இடைவெளியில் பிரிவின் மேலாளர் கோப்பில் குறிப்பு எழுதிக் கடிதமும் அனுப்பிவிட்டார். 'விண்ணப்பதாரர் இறந்துவிட்டபடியால் தங்கள் கணவரின் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.' திரும்பி வந்த அன்றே அந்த அம்மாள் குடும்ப பென்ஷன் காகிதங்களோடு வந்தார். கூடவே அந்த இளைய பெண். கடிதத்தை என்னிடம் காட்டி அம்மாள் கேட்டது பணத்தைப் பற்றி இல்லை. "அவரு என்னா தப்பு எழுதிட்டாருன்னு சார் நிராகரிச்சாங்க? முப்பது வருஷம் வண்டி ஓட்டினவராச்சே."

நான் விதிப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போனேன். "செத்தவனுக்கு எப்படி ஐயா சாங்ஷன் போடுவது? ஆளே இல்லையே!" என்றார். பேரனின் வாதம்தான். ஆணை பலிக்கும் நேரத்தில் இலக்கு இல்லை, எனவே ஒன்றும் நடக்காது. பொதுவாகப் பார்த்தால் நியாயமாகத்தான் படும். ஆனால் 1981ஆம் ஆண்டு கம்யூட்டேஷன் விதிகளை எழுதியவர்கள் அப்படி எழுதவில்லை. ஓய்வு பெற்ற ஓராண்டுக்குள், மருத்துவப் பரிசோதனை தேவைப்படாத பாரத்தில் விண்ணப்பித்தால், அலுவலகத் தலைவரிடம் அது வந்து சேர்ந்த தேதியிலேயே கம்யூட்டேஷன் முழுமை அடைந்துவிடுகிறது. அதற்குப் பிறகு பணம் கைக்கு வருமுன் அவர் இறந்தால், தொகை நாமினிக்கோ வாரிசுக்கோ போக வேண்டும். தணிக்கை ஒருமுறைதான், அதுவும் முத்திரை விழும் நேரத்தில். ஆணை தட்டச்சாகும் நேரத்தில் அவர் இருக்கிறாரா என்று அந்த விதி திரும்பிப் பார்ப்பதில்லை.

ஏன் இப்படி இரண்டு விதமான விதி என்று நான் யோசித்திருக்கிறேன். சீட்டாட்டத்தில் போட்டதற்கும் பலிப்பதற்கும் நடுவே உள்ள நேரம் எதிராளிக்குச் சொந்தம். அதில் அவன் தந்திரம் செய்வதுதான் விளையாட்டு. பென்ஷன் கோப்பில் அந்த நடுநேரம் யாருக்குச் சொந்தம்? நமக்கு. நாம் டீ குடித்த நேரம், தட்டச்சுக்காரர் வராத நாள், கணக்குப் பிரிவில் கட்டுக்குள் கிடந்த வாரங்கள். அந்தத் தாமதத்தை விண்ணப்பதாரர் தலையில் கட்டக்கூடாது என்றுதான் விதி எழுதியவர் தேதியை முத்திரையில் ஆணி அடித்து வைத்திருக்கிறார். இது என் அபிப்பிராயம். விதியில் காரணம் எழுதியிருக்கவில்லை.

எல்லாம் சரி, இனி முத்திரை. பாரத்தின் மேல் விழுந்த வட்ட முத்திரையில் மை பாதிதான் ஒட்டியிருந்தது. மாதம் தெரிகிறது, தேதி தெரியவில்லை. கணக்குப் பிரிவு அதைப் பிடித்துக்கொண்டது. இறந்த பிறகு வேறு யாரோ கொண்டுவந்து கொடுத்திருக்கலாம் அல்லவா என்று கேள்வி. கேட்டது அவர்கள் கடமை, நான் குறை சொல்லமாட்டேன். டப்பால் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னேன். வியாழக்கிழமைப் பக்கத்தில் பதினேழாவது பதிவு, நீல மையில், முத்து முத்தான எழுத்தில் அவர் பெயர். அதன் கீழே வெள்ளிக்கிழமைப் பதிவுகள். யாரும் இடையில் செருக முடியாத இடம். பதிவேட்டை எழுதிய அந்த எல்.டி.சி. பையனுக்குத் தான் எவ்வளவு பெரிய காரியம் செய்திருக்கிறோம் என்று அன்றைக்குத் தெரியாது. நான் கூப்பிட்டுச் சொன்னேன்.

ஏழு மாதம் ஆயிற்று. தொகை அந்த அம்மாளுக்குப் போய்ச் சேர்ந்தது. கணவர் கம்யூட் செய்ததால் குடும்ப பென்ஷன் குறையுமோ என்று பயந்துகொண்டிருந்தார். குறையாது என்று விதியைக் காட்டிய பிறகுதான் கையெழுத்துப் போட்டார். கல்யாணம் தை மாதத்திலிருந்து ஆவணிக்குத் தள்ளிப்போய் நடந்தது. பழைய கடிதத்தை ரத்து செய்து புதுக் கடிதம் போட்டபோது 'நிராகரிப்பு' என்ற சொல் கோப்பில் எங்கும் நிற்கக்கூடாது என்று நான் பிடிவாதம் பிடித்தேன். மேலாளர் சலித்துக்கொண்டார். "பணம் வந்துடுச்சில்ல, வார்த்தையில என்ன இருக்கு?" வார்த்தையில்தான் எல்லாம் இருந்தது. அந்தப் பெண் அந்தக் கடிதத்தைத் தன் அம்மாவுக்கு நாலு முறை வாசித்துக் காட்டியிருக்கிறாள்.

சீட்டுக்கு வருகிறேன். பேரன் சொன்ன அந்தப் பங்கீட்டு விதி, ஒருவர் மறைந்தால் அவர் பங்கு வீண் என்பது, நம் உயில் சட்டத்தோடு ஒத்துப்பார்க்க சுவையாக இருக்கிறது. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் 106ஆம் பிரிவில், இரண்டு பேருக்குக் கூட்டாக எழுதி வைத்து ஒருவர் முன்பே இறந்தால் மற்றவர் முழுவதையும் எடுத்துக்கொள்கிறார். அடுத்த பிரிவில், தனித்தனிப் பங்கு என்று எழுதியிருந்தால் இறந்தவர் பங்கு மற்றவருக்குச் சேராமல் மீதிச் சொத்தில் விழுகிறது. ஆட்டக்காரர்கள் 107ஐ எடுத்துக்கொண்டார்கள், 106ஐ விட்டுவிட்டார்கள். 109இல் இன்னும் ஓர் இரக்கம் உண்டு. சொந்தப் பிள்ளைக்கு எழுதி, அந்தப் பிள்ளை தகப்பனுக்கு முன்பே போய், அவருடைய குழந்தைகள் தகப்பன் காலத்துக்குப் பிறகும் இருந்தால், எழுதியது உதிராது. இதைப் பேரனுக்கு விளக்கியபோது, "அப்போ அம்மாவுக்கு நீங்க எழுதினது..." என்று ஆரம்பித்தான். மனைவி உள்ளேயிருந்து ஓடிவந்து அவன் வாயைப் பொத்தினாள். நல்ல நாளும் அதுவுமாக இந்தப் பேச்சு தேவையா என்று எனக்கும் சேர்த்துக் கிடைத்தது.

நவம்பர் வந்தால் நாம் எல்லோரும் வாழ்நாள் சான்று கொடுக்க பேங்கில் நிற்கிறோம். எண்பது வயதானவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். பிரெஞ்சு பென்ஷன்காரர்களுக்கு அவர்கள் பங்குக்கு 'செர்த்திஃபிக்கா த வீ'. இலக்கு இன்னும் தகுதியோடு இருக்கிறதா என்று வருஷாவருஷம் நடக்கும் தணிக்கை. பேரனிடம் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தான். இப்போது போனில் பேசினால் "தாத்தா, இலக்கு செல்லுபடியா?" என்றுதான் ஆரம்பிக்கிறான். செல்லும்டா என்கிறேன்.

ஊருக்குப் போகும் முன் அவன் ஒரு கேள்வி போட்டுவிட்டுப் போனான். ஒரு மிருகத்தைக் குறிவைத்து மந்திரம் போட்டாயிற்று. அது பலிப்பதற்குள் எதிராளி அந்த மிருகத்தைக் களத்தைவிட்டு வெளியே அனுப்பி, உடனே திரும்பக் கொண்டுவந்துவிடுகிறான். அதே சீட்டு, அதே மேசை, அதே இடம். மந்திரம் பலிக்குமா? பலிக்காதாம். போய்த் திரும்பியது புது மிருகம், பழையதோடு அதற்குச் சம்பந்தம் இல்லை என்கிறது விதி. இதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ராஜினாமா செய்துவிட்டு மறுபடி சேர்ந்தவருக்குப் பழைய சேவை கணக்கில் வராது என்பது நமக்குத் தெரிந்ததுதானே. ஆனால் முறையாக அனுமதி வாங்கி இன்னொரு அரசுப் பணியில் சேருவதற்காக ராஜினாமா செய்தவருக்குப் பழைய சேவை தொடரும் என்று விதிவிலக்கு இருக்கிறது. அதை அவனிடம் சொன்னேன். அவன் ஆட்டத்தில் அப்படி ஒன்று கிடையாதாம்.